விளிம்பில் வெட்டிய பெயர்

டிராம் வேப்பேரியில் திரும்பும்போது ஏகாம்பர முதலியாரின் கை தானாகச் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தது. பூதக்கண்ணாடி இருந்தது. இதை எதற்கு எடுத்து வந்தோம் என்று அப்போதுதான் தோன்றியது. வீட்டை விட்டு இறங்கும்போது மூக்குக்கண்ணாடி, கைக்குட்டை, பூதக்கண்ணாடி என்று எடுத்துப் போட்டுக்கொள்வது பல வருஷத்துப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூர் மார்க்கெட்டில் பழைய மெடல் தேடப் போகிற கை அது. இன்றைக்குப் புதன்கிழமை, இன்றைக்குத் தேட ஒன்றுமில்லை, கொடுப்பதை வாங்கிக்கொண்டு வர வேண்டியதுதான் என்று அந்தக் கைக்கு யார் சொல்வது. கோட்டைக்குப் பக்கத்து ஆபீசில் அவர் மகனுடைய யுத்த மெடல்கள் வந்து கிடக்கின்றன. தணிகாசலம், கடற்படையில் தந்தி அடிப்பவன், சிங்கப்பூரில் ஜப்பான்காரர்களிடம் கைதியானவன், அப்புறம் கடலில் காணாமல் போனவன். காணாமல் போனவன் என்பது சர்க்கார் எழுதின வார்த்தை. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மனைவி கனகவல்லி இத்தனை நாளும் இருக்கிறாள். காணோம்னா தேடலைன்னு அர்த்தம் என்பாள். காலையில் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றபோது அவள் உரலை விட்டு எழுந்திருக்கவில்லை. "நான் வரலை. அந்த ராஜாவே மூட்டை கட்டிக்கிட்டுப் போயாச்சு, அவன் தலை போட்ட மெடல் நமக்கு எதுக்கு? நீங்க போங்க. மெடல்னா உங்களால விட முடியாதே." கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் படிக்கட்டு இறங்கும்போதே மறந்திருப்பார். மாவைத் தள்ளிக்கொண்டே, மழை வரும்போலிருக்கு, குடை எடுத்துக்கிட்டுப் போங்க என்கிற மாதிரி சொன்னாள். மெடல்னா உங்களால விட முடியாதே. டிராம் மணி அடித்தது. எதிர் இருக்கையில் ஒரு பெண் மடியில் வைத்திருந்த கீரைக்கட்டிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் செருப்பருகில் ஓடியது. காலை நகர்த்த வேண்டும் என்று நினைத்தார். நகர்த்தவில்லை.

துறைமுகத்தில் ஹெட் கிளார்க்காக இருந்தபோது பிடித்த பைத்தியம் அது. முதல் மகாயுத்தம் முடிந்து வந்த ஒரு கப்பல்காரன் குடிக்கக் காசில்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போன வெள்ளி மெடல்தான் ஆரம்பம். அப்புறம் ஒன்றொன்றாக. சிலர் தபால்தலை சேர்ப்பார்கள், சிலர் பழைய நாணயம். இவருக்குக் கடலோடிகளின் மெடல். அதிலும் சிறைப்பட்டுத் திரும்பி வராதவர்களுடையது என்றால் அது கைக்கு வரும்வரை சாப்பாடு இறங்காது. மெசபடோமியாவில் ஆற்றுப் படகு ஓட்டப் போய்த் துருக்கிக்காரர்களிடம் மாட்டி, பாலைவனத்தில் நடந்தே செத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய மெடல் கிடைப்பது அருமை. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரி. ஒரு பக்கம் ராஜா தலை, மறு பக்கம் குதிரைமேல் ஆள். விஷயம் விளிம்பில் இருக்கிறது. விளிம்பில் எண்ணும் பெயரும் வெட்டியிருப்பார்கள். அதைப் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் படித்து, இன்ன படகு, இன்ன ஊர், இன்ன வருஷம் கைதி என்று கண்டுபிடிக்கிறவரைக்கும் ராத்திரி தூக்கம் வராது. கண்டுபிடித்தபின் வரும் தூக்கம் சுகமான தூக்கம். நீலப் பட்டு விரித்த பெட்டியில் வரிசையாக வைத்திருப்பார். தணிகாசலம் குழந்தையாக இருந்தபோது அந்தப் பெட்டியைத் திறக்கும் நாளெல்லாம் பண்டிகை. பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, தொடக்கூடாது என்று சொன்னதால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கு பட்டில் படுகிற மாதிரி குனிந்து பார்ப்பான். "அப்பா, இவுங்கல்லாம் எங்க இருக்காங்க இப்போ?" "கடலுக்குப் போனாங்கடா." "போய்?" போய் என்ன என்று சொல்லவில்லை. போய் வீரனானார்கள் என்று சொன்னார். படகின் பேரைச் சொன்னார், ஆற்றின் பேரைச் சொன்னார், பீரங்கி எப்படி வெடிக்கும் என்று வாயால் செய்து காட்டினார். நடந்தே செத்ததை, தண்ணீர் கிடைக்காமல் செருப்புத் தோலை மென்றதைச் சொல்லவில்லை. பிள்ளையிடம் அதைச் சொல்லுவார்களா. யாரும் சொல்லமாட்டார்கள். கடற்படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று காலேஜிலிருந்து ஓடி வந்து அவன் சொன்னபோது அவன் கண்ணில் இருந்த பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கே தெரிந்தது. கனகவல்லிக்கும் தெரிந்தது. அவள் அன்றைக்கு இவரை ஒரு பார்வை பார்த்தாள், வார்த்தை இல்லை. இன்றைக்குத்தான் வார்த்தையாக வந்தது. இல்லை, அவள் அப்படி நினைத்துச் சொல்லியிருக்கமாட்டாள். நினைத்துத்தான் சொன்னாள். அவளுக்கு அப்படிக் குத்துகிற நெஞ்சு கிடையாது. எல்லோருக்கும் உண்டு.

சென்டிரல் ஸ்டேஷன் தாண்டியதும் காற்றில் உப்பு வந்தது. துறைமுகம் பக்கம் வந்தாலே அப்துல் வகாபின் முகம் வந்துவிடுகிறது. நாகூர்க்காரர், தணிகாசலம் இருந்த கப்பலிலேயே கொதிகலன் அடுப்புக்குக் கரி தள்ளியவர், அதே முகாமில் கைதியாக இருந்தவர். யுத்தம் முடிந்து திரும்பி ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவுடன் துறைமுக வாசலில் இவரைத் தேடி வந்துவிட்டார். வீட்டுக்கு வரச்சொன்னால் மாட்டேன் என்றார். "அம்மா முகத்தப் பாத்து என்னால சொல்ல முடியாது, ஐயா. உங்ககிட்ட சொல்லிடறேன். நீங்க எப்படியாவது சொல்லிக்குங்க." டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, டீயைத் தொடாமலே சொன்னார். கைதிகளை ஜப்பானுக்கு வேலைக்குக் கொண்டுபோகக் கப்பலில் ஏற்றியிருக்கிறார்கள். அடித்தளத்தில், உட்கார்ந்தால் படுக்க இடமில்லாமல், படுத்தால் எழுந்திருக்க இடமில்லாமல். உள்ளே கைதிகள் இருக்கிறார்கள் என்று வெளியே எந்த அடையாளமும் கிடையாது. நம் பக்கத்து நீர்மூழ்கியே அடித்துவிட்டது. ஏணி ஒன்றுதான். தணிகாசலம் அப்போது வயிற்றுப்போக்கில் துரும்பாகியிருந்தான். "நான் அவன் கையைப் பிடிச்சு இழுத்தேன், ஐயா. அவன்தான் கையை உருவிக்கிட்டான். நீ போ, நான் வர்றேன்னான். நான் மேல ஏறிட்டுத் திரும்பிப் பாக்கறேன், ஏணி இருந்த இடத்துல தண்ணி." அதைச் சொல்லிவிட்டு வகாப் டீயை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். நீ போ, நான் வர்றேன். தணிகாசலம் சின்ன வயசில் தெருவில் கோலி ஆடிக்கொண்டிருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் தலையைத் தூக்காமல் இதையேதான் சொல்வான். நீ போம்மா, நான் வர்றேன். நம் ஜனங்கள் போகிறேன் என்று சொல்லமாட்டார்கள், போகிறவனும் வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போகிறான். அது சும்மா வாயில் வருகிற வார்த்தைதானா, அல்லது அந்த இருட்டில், அந்த நாற்றத்தில், உண்மையிலேயே வந்துவிடலாம் என்று நினைத்தானா. நினைத்திருந்தால் பயந்திருக்கமாட்டான். நினைக்காமல் வகாபை அனுப்புவதற்காகச் சொல்லியிருந்தால் பயந்திருப்பான். எது நல்லது. இந்த இடத்தில் வந்ததும் எண்ணம் எப்போதும் முட்டிக்கொண்டு நின்றுவிடும், பிறகு மறுபடி ஏணியிலிருந்து ஆரம்பிக்கும். வகாப் வந்துபோய் இரண்டு வருஷமாகிறது. கனகவல்லியிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லத்தான் வீட்டுக்குள் நுழைந்தார். சுமத்ராத் தீவில் மேடானில் கணக்குப் பார்த்துவிட்டு வந்த அடுத்த தெருச் செட்டியார் வீட்டு ஆள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, அவள் அவனுக்குக் காபி கொடுத்து, அந்தப் பக்கத்துத் தீவுகளின் பேரையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவன் போனபிறகு முகம் மலர்ந்து சொன்னாள்: "அங்கல்லாம் நம்ம பசங்க நெறைய பேரு தங்கிட்டாங்களாம். கல்யாணம்கூடப் பண்ணிக்கிட்டாங்களாம். கடுதாசி போடப் பயந்துக்கிட்டு இருக்காங்களாம். நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லீங்க. மலாய்க்காரியோ யாரோ, கூட்டிக்கிட்டு வரட்டும். நான் சமைக்கறதை அவளுக்குச் சாப்பிடத் தெரியாதா என்ன." நாளைக்குச் சொல்லலாம் என்று முகம் கழுவப் போனார். நாளைக்கு என்பது இரண்டு வருஷமாகிவிட்டது.

ஆபீஸ் தாழ்வாரத்தில் நீளப் பெஞ்சு போட்டிருந்தார்கள். அவருக்கு முன்னே ஒரு கிழவி உட்கார்ந்திருந்தாள். கறுத்து ஒடுங்கிய உடம்பு, காலில் செருப்பில்லை, மடியில் ஒரு துணிமூட்டை. இவர் உட்கார்ந்ததும் நகர்ந்து இடம் விட்டாள். இடம் தாராளமாக இருந்தது, ஆனாலும் நகர்ந்தாள். கடலூர் பக்கத்துக் குப்பம், பேர் செங்கேணி, விடியற்கால ரயிலுக்கு வந்து இறங்கினது, வழி கேட்டுக்கேட்டு நடந்தே வந்தது எல்லாம் கேட்காமலே சொன்னாள். அவள் பிள்ளையும் கடற்படைதான். அவனும் சிங்கப்பூரில் அகப்பட்டவன். "தாண்டவராயன்னு அவங்க தாத்தா பேரு. அதை யாரு கூப்புடறது, வூட்டுல ராயாதான். ராயா இன்னா ஆனான்னு எனக்குத் தெரிஞ்சிபோச்சி சாமி. வெள்ளைக்காரன் காயிதம் போட்டான், சாராய வியாதின்னு ஏதோ போட்டிருந்தான். எம்புள்ள சாராயத்தத் தொடமாட்டான்." பெரிபெரி என்று எழுதியிருப்பார்கள், யாரோ பீர் என்று படித்துச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. "அது சாராயம் இல்லம்மா. சத்துள்ள சாப்பாடு இல்லாம கால் வீங்கி வர்ற நோவு. அதுக்குப் பேரு அப்படி." அவள் அவரையே பார்த்தாள். "சாப்பாடு இல்லாமயா," என்றாள். சொல்லியிருக்கக்கூடாதோ என்று அவருக்குத் தோன்றியது. சாராயம் என்றே இருந்திருந்தால் ஒரு கோபமாவது மிஞ்சியிருக்கும். ஆனால் அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேன், அவன் குடிக்கமாட்டான்னு," என்று யாரோ எதிரில் நிற்பதைப்போலச் சுவரைப் பார்த்துச் சொன்னாள். அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. நிஜத்தைக் கேட்டுவிட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், செத்துப்போய்விடவில்லை, பெஞ்சிலிருந்து விழவில்லை, கால் விரலால் தரையைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று ஏகாம்பர முதலியார் ஏதோ புதிய விஷயத்தைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே கிளார்க் கண்ணாடிக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தான். முதலில் அவளைக் கூப்பிட்டான். ரேகை வாங்கிக்கொண்டு பெட்டியைத் தள்ளினான். அடுத்து இவரை. உறவு என்று கேட்டான். தகப்பன். கையெழுத்துப் போட்டார். பெட்டியை வாங்கின கையில் அதன் கனம் உடனே தெரிந்துவிட்டது. ஒரு வட்ட மெடல், நட்சத்திரம் இரண்டு, தைக்காத நாடா தனியாக. திறக்காமலே தெரிந்தது. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தாலும் சொல்வார். நல்ல நிலையில் இருக்கும், கை படாதது, பெட்டியோடு கிடைப்பது அபூர்வம் என்று மண்டைக்குள் ஒரு குரல் சொன்னது. மூர் மார்க்கெட்டில் பேசுகிற அதே குரல். தாழ்வாரத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். செங்கேணி அருகில் வந்து உட்கார்ந்தாள். அவள் பெட்டியைத் திறந்து மெடலை உள்ளங்கையில் வைத்திருந்தாள். "சாமி, எம்புள்ள பேரு இதுல எங்க இருக்குதுன்னு பாத்துச் சொல்லு. ராஜா இருக்கறாரு, பின்னால சிங்கம் இருக்குது. அவன் பேரக் காணோமே." பேர் விளிம்பில்தான் இருக்கும் என்று வாங்கி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். இதற்காகத்தான் எடுத்து வந்தோமோ. கை பழகின வேலையைப் பழகினபடி செய்தது. வெளிச்சத்துக்குத் திருப்பியது, எண்ணைப் படித்தது, பெயருக்கு வந்தது. தாண்டவா என்று மட்டும் இருந்தது. ராயன் இல்லை. எழுத்து வெட்டினவன் எங்கேயோ அவசரத்தில் பாதியில் விட்டிருக்கிறான். இப்படிப் பிழையுள்ள மெடல் வந்தால் அவர் கடைக்காரனிடம் அரைமணி நேரம் சண்டை போடுவார். "இருக்குதா, சாமி?" "இருக்குதும்மா." "ராயான்னு இருக்குதா?" அவர் அவள் விரலைப் பிடித்தார். முன்பின் தெரியாத ஒரு பெண்பிள்ளையின் விரலை இப்படிப் பிடிக்கிறோமே என்று தோன்றவில்லை. எண் வெட்டியிருந்த இடத்தில் நகத்தை வைத்து மெதுவாக இழுத்துக் காட்டினார். "இதோ, இங்க ஆரம்பிக்குது. ராயா. இங்க முடியுது." அவள் அந்த இடத்தை நகத்தால் திரும்பத் திரும்ப நெருடினாள். வாய் அசைந்தது. அப்புறம் அதைத் துணிமூட்டைக்குள் போடாமல் மாராப்புக்குள் செருகிக்கொண்டு, "உங்க புள்ளையுது பாத்தீங்களா? சரியா இருக்குதா?" என்று கேட்டாள்.

பார்க்கவில்லை. பெட்டி மடியில் இருந்தது. அவர் படித்த விளிம்புகள் எத்தனை, எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள், ஒன்றைக்கூட விட்டதில்லை. இதைத் திறக்க முடியவில்லை. பெயர் பிழையாக இருந்தால் என்ன செய்வது. பெயர் சரியாக இருந்தால் என்ன செய்வது. தணிகாசலம் என்று அந்தச் சின்ன எழுத்தில் வெட்டியிருந்தால் அவனும் வீட்டுப் பெட்டியில் இருக்கிற மற்றவர்களோடு சேர்ந்துவிடுகிறான், படகுக்காரர்கள் வரிசையில் கடைசி ஆளாக, இன்ன கப்பல், இன்ன ஊர், இன்ன வருஷம் கைதி. அவரையே பார்த்திருந்த செங்கேணி, கேட்காமலே பெட்டியை எடுத்தாள். திறந்து, மெடலை வெளியே எடுத்து, ராஜாவையும் பார்க்காமல் சிங்கத்தையும் பார்க்காமல், இவர் சொல்லிக்கொடுத்தபடி நகத்தை விளிம்பில் வைத்துச் சுற்றிலும் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். "இருக்குது சாமி," என்றாள். "எழுத்து இருக்குது. நீளமாவே இருக்குது. எம்புள்ளையதவிடப் பெரிய பேரு." பெட்டியை மூடி அவர் மடியில் வைத்தாள். "ரயிலுக்கு நேரமாவுது. நான் வர்றேன்." தூண்களுக்கு நடுவில் வெயிலில் அவள் நடந்து போவது தெரிந்தது. வர்றேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். ஏகாம்பர முதலியாருக்கு அங்கே, பெஞ்சில், பியூன் பார்க்கிறான் என்றும் பாராமல், அழுகை வந்தது. வகாப் சொன்ன அன்றைக்கு வராதது. பியூன் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போய்விட்டான்.

திரும்பும் டிராமில் கூட்டம். நின்றுகொண்டே வந்தார். கனகவல்லி கேட்பாள். கேட்கமாட்டாள். கேட்காவிட்டால் சொல்லவேண்டாமே என்று ஒரு மனம். இன்னும் எத்தனை தீவு பாக்கி இருக்கிறது, அவள் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டு இருக்கட்டுமே, மலாய்க்கார மருமகளுக்கு என்ன சமைப்பது என்று யோசித்துக்கொண்டு இருக்கட்டுமே. ஆனால் கிழவி பெஞ்சிலிருந்து விழவில்லையே. சொன்னால் கனகவல்லி கேட்கப்போகிற முதல் கேள்வி அவருக்குத் தெரியும். எனக்கு ஏன் சொல்லலை. இரண்டு வருஷமாக என்னைப் பைத்தியக்காரியாக்கி வேடிக்கை பார்த்தீங்களா. இரண்டாவதும் தெரியும். அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து காட்டினது யாரு. வண்டி புரசைவாக்கத்தில் நின்றபோது இறங்க மனமில்லாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பின்னாலிருந்தவன் முதுகில் கை வைத்து, பெரியவரே, இறங்கறீங்களா இல்லையா என்றான். இறங்கினார்.

கனகவல்லி முற்றத்தில் புடவை உலர்த்திக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் கை நின்றது. "வாங்கிட்டீங்களா?" "வாங்கிட்டேன்." "உங்க பெட்டியில வைக்கப் போறீங்களா?" "இல்லை." அவள் ஈரப் புடவையை விட்டுவிட்டு வந்தாள். அவர் அட்டைப்பெட்டியை நீட்டினார். வாங்கிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், அது என்ன என்று தெரியாதவளைப்போல. இவ்வளவு சின்னதா என்பதைப்போலவும் இருந்தது. "அவன் வரமாட்டானா?" என்றாள். இத்தனை வருஷத்தில் கேட்காத கேள்வி. கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். காக்கை ஒன்று கிணற்றுமேட்டில் வந்து உட்கார்ந்து பறந்தது. "வரமாட்டான், கனகம். கப்பல் முழுகிப்போச்சு. கூட இருந்த ஒருத்தர் வந்து சொன்னாரு. கையைப் பிடிச்சு இழுத்திருக்காரு. இவன் அவரை அனுப்பிட்டு இருந்துட்டான்." அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. உலர்த்தாத புடவை கொடியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தது. "எப்ப வந்தாரு அவரு?" "ரெண்டு வருஷம் ஆச்சு." இப்போது கேட்பாள் என்று நின்றார். கேட்கட்டும், எல்லாவற்றையும் கேட்கட்டும் என்று நின்றார். கனகவல்லி தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். அப்புறம் கையை நீட்டி அவர் வேட்டி நுனியைப் பிடித்து, பக்கத்தில் உட்காரும்படி இழுத்தாள்.

"ரெண்டு வருஷமா தனியாவா வச்சிருந்தீங்க இதை?" என்றாள்.